அம்பாசடரின் 1489 சிசி பிளாக்கில் 1798 சிசி ஹெட்: பிளாக்கை எப்படித் தயார் செய்வது?

உப்பளம் வாசி, புதுச்சேரி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வைத்திருந்த அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினை முழுவதுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. கொண்ட, பிஎம்சி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய பி வரிசை எஞ்சின் அது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தப்பா, எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காரில் வரும், அதே வரிசையைச் சேர்ந்த 1798 சிசி எஞ்சினுடைய ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும், வால்வுகள் உள்ள பகுதி) ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான். ஆனால் அந்த எஞ்சினின் போர் 80.26 மி.மீ. ஹெட்டைப் பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதியின்) மேல் வைத்துப் பார்த்தபோது, இரண்டையும் பிணைக்கும் மரைத்தண்டுகளான ஸ்டட்டுகள் எல்லாம் தடையின்றிப் பொருந்தின. நான் வழக்கமாகச் செல்லும் பட்டறையில், "ஸ்டட் பொருந்திவிட்டதே, பேக்கிங் (இடையில் வைக்கும் கேஸ்கெட்) போட்டு முடுக்கிவிடலாம்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முடுக்குவதற்கு முன் பிளாக்கில் என்னென்ன செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதுநகர் பட்டறைக்காரர், கடலூர்:

தம்பி, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். ஸ்டட் பொருந்துவது முதல் படி மட்டுமே. பெரிய போருக்காக வார்க்கப்பட்ட ஹெட்டில் வால்வுகளும் பெரியவை, எரியறையும் அகலமானது. அதைச் சிறிய போரின் மேல் வைக்கும்போது வால்வின் விளிம்பு போரின் சுவரைத் தாண்டி, பிளாக்கின் மேல்தளத்துக்கு நேர் மேலே நிற்க வாய்ப்புண்டு. அப்படி நின்றால் வால்வு திறந்து இறங்கும்போது பிஸ்டனைத் தொடாது, பிளாக்கையே இடிக்கும். தொடக்க காலத்தில் நானே இதைக் கவனிக்காமல் ஒரு வண்டியைப் பூட்டினேன். கிராங்கைக் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் கனமாக நின்றது. பேக்கிங் புதிது, அதனால்தான் இறுக்கம் என்று எண்ணிக் கம்பி போட்டுச் சுற்றிவிட்டேன். திறந்து பார்த்தபோது இரண்டு வெளிவால்வுகளின் (புகையை வெளியே விடும் வால்வுகளின்) தண்டு வளைந்திருந்தது. அன்று முதல், கையால் சுற்றும்போது எஞ்சின் நின்றால் காரணம் தெரியாமல் அதற்கு மேல் ஒரு நூல் அளவும் சுற்றுவதில்லை.

சோதிக்கும் முறை எளிதானது. பிளாக்கின் மேல்தளத்தில் மார்க்கிங் நீலத்தை (தொட்ட இடத்தில் ஒட்டிக் காட்டும் சாயத்தை) மெல்லிதாகப் பூசி, பேக்கிங் இல்லாமல் ஹெட்டை வைத்து, ஒவ்வொரு வால்வையும் மேலிருந்து கையால் அழுத்துங்கள். அடியில் நீலம் ஒட்டிய வால்வு பிளாக்கைத் தொடுகிறது என்று பொருள். தொடாத வால்வுக்கும் ஓரத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைக் களிமண் வைத்து அறியுங்கள், பக்கவாட்டில் 1.25 மி.மீ.யாவது இருக்க வேண்டும்.

இடம் போதவில்லையென்றால் போரின் விளிம்பில் வால்வுக்கு நேராகப் பிறை வடிவத்தில் ஒரு குழி வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் ஓர் அளவு தெரிந்தாக வேண்டும்: பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதைச் சுற்றியுள்ள முதல் ரிங்கின் மேல்விளிம்பு பிளாக்கின் தளத்திலிருந்து எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்பதே அது. குழி அந்த எல்லைக்கு 2 மி.மீ. மேலேயே முடிந்துவிட வேண்டும். ரிங் ஓடும் சுவரில் குழி இறங்கினால் அந்த பிளாக்குக்கு ஸ்லீவ் (போருக்குள் செருகும் புதிய உருளைச் சுவர்) போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று: போரிங் (போரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்வதாக இருந்தால் அதை முதலில் முடியுங்கள். 1 மி.மீ. ஓவர்சைஸ் போனால் விளிம்பு அரை மி.மீ. விலகும், அதனால் குழியின் தேவையே குறையலாம்.

வில்லியனூர் ஆசிரியர்:

ஐயா சொன்னதோடு கம்ப்ரஷன் விகிதத்தின் (சிலிண்டரில் உள்ளது எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதன்) கணக்கையும் பார்க்க வேண்டுகிறேன். பலர் பெரிய ஹெட் போட்டால் இழுவை கூடும் என்று நம்பிப் போட்டுவிட்டு, வண்டி முன்பை விட மந்தமாக ஓடுகிறது என்று வருந்துகிறார்கள். உங்கள் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 மி.லி.; பழைய விகிதம் 7.2 என்றால் பிஸ்டன் உச்சியில் மேலே மிஞ்சும் இடம் 60 மி.லி. புதிய ஹெட்டின் எரியறை 5 மி.லி. பெரிதாக இருந்தால் அது 65 ஆகி, விகிதம் 6.7க்கு இறங்கிவிடும். வெட்டும் குழிகளும் அந்த இடத்தில் சேரும் என்பதால் கணக்கைக் குழி வெட்டிய பிறகே முடியுங்கள். இரண்டு ஹெட்டையும் கவிழ்த்து, நடுவில் சிறு துளையிட்ட கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி எரியறையின் மேல் ஒட்டி, பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு அளந்தால் எரியறையின் அளவு துல்லியமாகக் கிடைக்கும்.

விகிதம் 8 வேண்டுமென்றால் மொத்த இடம் 53 மி.லி.க்கு வர வேண்டும். அவ்வளவையும் ஹெட்டைச் சீவியே குறைக்க முயலாதீர்கள். தளம் மெலியும், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரின் கோணமும் மாறும். எப்படியும் போரிங் செய்யப் போகிறீர்கள் என்றால் மேற்குழி ஆழம் குறைந்த பிஸ்டனைத் தேடுவதே முறை.

உப்பளம் வாசி, புதுச்சேரி:

ஐயா, நேற்று மாலை நீலம் பூசிப் பார்த்தேன். உள்வால்வுகள் நான்கும் தொடவில்லை. வெளிவால்வுகளில் மூன்றின் விளிம்பில் நகக்கீறல் அகலத்துக்கு நீலம் ஒட்டியிருந்தது. ரிங் எல்லையை அளந்துவிட்டு போரிங்குக்குக் கொடுக்கிறேன். பேக்கிங் எந்த அளவில் வாங்க வேண்டும்? தளத்தை நானே எமரி தாள் போட்டுத் தேய்க்கலாமா?

முதுநகர் பட்டறைக்காரர், கடலூர்:

பேக்கிங் 1798 சிசி எஞ்சினுக்கானதாகவே இருக்கட்டும். சிறிய போரின் பேக்கிங்கைப் போட்டால் அதன் உலோக வளையம் எரியறைக்குள் நீட்டிக்கொண்டு, தீயில் கருகிப் பிய்ந்துவிடும். வாங்கியதும் பிளாக்கின் மேல் வைத்து, தண்ணீர்த் துளைகளும் ராக்கருக்கு எண்ணெய் ஏறும் துளையும் பிளாக், பேக்கிங், ஹெட் மூன்றிலும் ஒரே நேரில் வருகின்றனவா என்று பாருங்கள். அந்த ஒரு துளை அடைபட்டால் ராக்கர் ஷாஃப்ட் எண்ணெயின்றித் தேய்ந்துபோகும்.

எமரியை, குறிப்பாகச் சுழலும் டிஸ்க்கை, பிளாக்கின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். உதிரும் துகள் எண்ணெய்ப் பாதையில் இறங்கி பேரிங்கை அரிக்கும். நேர்கட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளும்) வைத்து நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் பாருங்கள், 0.1 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் மெஷினில் ஃபேஸிங்குக்கு (தளத்தைச் சமமாகச் சீவ) கொடுங்கள். அதற்கு முன் ஸ்டட்டுகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மரையைச் சுத்தம் செய்யும் டேப் கருவியை ஓட்டி, அடியில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். துளைக்குள் திரவம் நின்றால் ஸ்டட்டை முடுக்கும்போது அது ஒதுங்க இடமின்றி பிளாக்கையே விரிசல் விட வைக்கும்.

எல்லா வேலையும் முடிந்து பிளாக் திரும்பியதும், வெந்நீரும் சோப்புத் தூளும் கொண்டு போரைத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். ஈரம் உலர்ந்தவுடன் எண்ணெய் பூசிவிடுங்கள். உப்பளத்தில் கடற்காற்று நேராக வீட்டுக்குள் வரும்; மாலையில் கழுவி, காலையில் பூசிக்கொள்ளலாம் என்று விட்டால் புதிய போரில் செந்நிறத் துரு படிந்திருக்கும்.