நாவல்ல ஒரு அத்தியாயம் எவ்வளவு நீளம் இருக்கோணும்? என்னோடதுல ஒண்ணு 40 பக்கம், இன்னொண்ணு 3 பக்கம்

மஞ்சக்காடு (கோபி):

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருசமா ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன். கீழ்பவானி வாய்க்கா பாசனத்துல மஞ்ச போடற ஒரு குடும்பம், அப்பாரு தவறிப்போயி ஆத்தாவும் ரெண்டு மகனுங்களும் காட்டைப் பங்கு பிரிக்கற வருசம், ஆனில மஞ்ச நடறதுல ஆரம்பிச்சு மாசில வெட்டி வேக வெச்சு ஈரோட்டுக்கு லோடு ஏத்தற வரைக்கும் கதை. 14 அத்தியாயம் முடிஞ்சிருச்சு.

இப்ப நீளம்தான் பிரச்சினைங்க. மொத அத்தியாயம் 9000 வார்த்தை. நாலாவது 700. மத்ததெல்லாம் 2000ல இருந்து 4000 வரைக்கும் அது பாட்டுக்கு கெடக்குது. எங்க சித்தப்பா மகளுக்கு மொத அத்தியாயத்தை அனுப்பினேன், நல்லா படிக்கற புள்ளைதான், மூணு நாளாச்சு பாதிலயே நிக்கறேன் அக்கான்னு சொல்லிருச்சு. எழுத்து சொல்லிக்குடுக்கற ஒரு வீடியோல எல்லா அத்தியாயமும் 3000 வார்த்தையை ஒட்டி இருக்கோணும்னாங்க, சரின்னு ஒரு மாசம் உக்காந்து எல்லாத்தையும் 3000க்கு வெட்டி ஒட்டி பார்த்தனுங்க. அப்பாரு சாகற ராத்திரிதான் அந்த 700 வார்த்தை, அதை இழுக்கறதுக்காக டாக்டர் வந்தாரு, பக்கத்து தோட்டத்துக்காரங்க வந்தாங்க, டார்ச் அடிச்சாங்கன்னு சேத்து சேத்து எழுதி கடைசில யாருக்கும் அழுகையே வராத சாவா போயிருச்சு. பழைய காப்பி இருந்ததால திரும்ப அதையே எடுத்து வெச்சுட்டேன்.

எல்லாம் ஒரே அளவுல இருந்தே ஆகோணுமா? அப்புடி இல்லைன்னா எதை வெச்சு நிறுத்தறது? எழுதறவங்க படிக்கறவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க, நெம்ப வெசனமா இருக்குது.

தறிச்சத்தம் (சோமனூர்):

அக்கா நான் போன்ல படிக்கறவங்களுக்கு தொடர் எழுதறேன், ரெண்டு தொடர் முடிச்சிருக்கேன், அதனால அந்த அனுபவத்துல சொல்றேன். என்னோட வாசகர்ல பாதிப் பேரு திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை செய்யறவங்க, டீ பிரேக்ல ஒரு எபிசோடு, பஸ்ல போகும்போது ஒரு எபிசோடு அப்புடித்தான் படிக்கறாங்க. நான் 1200ல இருந்து 1500 வார்த்தை வெப்பேன். மொத தொடர்ல 2500 போட்டேன், அப்ப வந்த கமெண்ட் எல்லாமே "பாதில விட்டேன், எங்க விட்டேன்னு தெரியல" தான். போன்ல பக்கம் மடிச்சு வெக்க முடியாது, அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் சொருக முடியாது, அதனால நம்மளே நிறுத்தற எடம் போட்டுக் குடுக்கோணும்.

உங்க தங்கச்சி போன்லதான படிச்சுது? அப்ப 9000ங்கறது ரொம்ப அதிகம். மொத அத்தியாயத்துலதான் ஆளுங்களே புதுசு, பேர் மனசுல நிக்கறதுக்கு முன்னாடி 40 பக்கம் ஓடிருச்சுன்னா யாரு பெரியவன் யாரு சின்னவன்னே குழம்பிரும். மொத நாலஞ்சு அத்தியாயத்தை சின்னதா வெச்சுட்டு உள்ள வந்தவங்களுக்கு அப்புறம் நீளமா குடுங்க.

ஃபாரம் மடிக்கிறவன் (கோவை):

நான் எழுத்தாளர் இல்லைங்க, இருபது வருசமா புஸ்தகம் லேஅவுட் பண்றேன். எங்க பக்கத்துல இருந்து ரெண்டு விசயம் சொல்றேன்.

மொதல்ல இந்த 3000, 5000 கணக்கெல்லாம் இங்கிலீஷ் நாவலுக்கு சொன்னதுங்க. தமிழ்ல "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" ஒரே வார்த்தை, இங்கிலீஷ்ல அதுக்கு அஞ்சாறு வார்த்தை போகும். அதுவுமில்லாம ஒருத்தரு "செய்து கொண்டு"ன்னு பிரிச்சு அடிப்பாரு, இன்னொருத்தரு "செய்துகொண்டு"ன்னு சேத்து அடிப்பாரு, ஒரே அத்தியாயம் கம்ப்யூட்டர்ல ரெண்டு கணக்கு காட்டும். அதனால வார்த்தையை விட்டுட்டு பக்கத்தை பாருங்க. நாங்க போடற டெமி சைஸ்ல சாதாரண எழுத்துல பக்கத்துக்கு 220 வார்த்தை கிட்ட புடிக்கும். உங்க 9000 ஒரு 40 பக்கம், 700 மூணு பக்கம், தலைப்புல நீங்களே போட்ட கணக்குதான்.

ரெண்டாவது காசு. ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்துல ஆரம்பிக்கும். தலைப்புக்கு மேல மூணுல ஒரு பங்கு வெள்ளையா விடுவோம், முடியற பக்கத்துல சராசரியா அரைப் பக்கம் காலியா நிக்கும். ஆக அத்தியாயத்துக்கு முக்கா பக்கத்துக்கு மேல வெத்துக் காகிதம். 60 குட்டி அத்தியாயமா வெட்டுனா 50 பக்கம் அதுலயே போயிரும், 16 பக்கம் ஒரு ஃபாரம்னா மூணு ஃபாரத்துக்கு மேல. 20 அத்தியாயம்னா ஒரு ஃபாரத்தோட முடிஞ்சுது. எல்லாமே வலப்பக்கத்துலதான் ஆரம்பிக்கோணும்னு ஆசைப்பட்டீங்கன்னா இன்னும் கூடும். 300 காப்பி 500 காப்பின்னு சொந்தக் காசுல போடறவங்களுக்கு இது சின்ன விசயம் இல்லைங்க. அதுக்காக கதையை வெட்டாதீங்க, எதுக்கும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. எனக்கு மனசுக்கு புடிச்ச வேலை என்னமோ ஏத்த எறக்கமா இருக்கற புஸ்தகம்தான், மூணு பக்கத்துல ஒரு அத்தியாயம் வந்து நிக்கும்போது லேஅவுட் பண்றப்பவே கை நின்னு படிக்கும்.

ஓய்வு வாத்தியார் (காங்கயம்):

அம்மிணி, வெசனப்படாத. ஒரே அளவு வேணுங்கறது நம்ம கதை சொல்ற வழக்கத்துலயே கெடையாது.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்க. மூணு காண்டம், மொத்தம் 30 காதை, ஆனா புகாருக்கு 10, மதுரைக்கு 13, வஞ்சிக்கு 7. காதைகளும் ஒரே நீளம் இல்லை. பூம்புகார்ல தெரு தெருவா கூட்டிட்டுப் போற இந்திரவிழவூரெடுத்த காதை நீண்டு போகும். கண்ணகி பாண்டியன் முன்னாடி போய் நின்னு, சிலம்பை உடைச்சு, அரசன் உசுரு போயி, கோப்பெருந்தேவியும் விழுந்து போற வழக்குரை காதை அதைவிட ரொம்பச் சின்னது. அத்தனை பெரிய காரியம், கொஞ்ச அடியில முடிஞ்சு போகுது. அங்க போயி அரண்மனைத் தூண் எத்தனைன்னு இளங்கோ எண்ணிட்டு இருக்கல. நீ அப்பாரு சாவை 700 வார்த்தையில எழுதினியே, அது சரியாத்தான் எழுதியிருக்கற. தொடாத.

தொடர்கதை காலத்தைப் பாரு. கல்கி பத்திரிகையில 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், 293 அத்தியாயம். வாரப் பத்திரிகைக்கு எடம் அளவானது, அதனால ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு அளவுக்குள்ள நின்னுது. ஆனா பாகத்துல அந்த ஒழுங்கு கெடையாது. மூணாவதும் நாலாவதும் 46, 46, கடைசி பாகம் மட்டும் 91. முடிச்சுகளை அவுக்க அவ்வளவு தேவைப்பட்டுது, குடுத்தாரு. உனக்கு பத்திரிகை அளவும் இல்ல, வாராவாரம் குடுக்கற கட்டாயமும் இல்ல, அப்பறம் யாருக்காக 3000?

இன்னொண்ணும் சொல்றேன், இதுதான் எனக்கு முக்கியம். நான் சின்னப் பையனா இருக்கறப்ப எங்கூர்ல அண்ணன்மார் கதை உடுக்கடிச்சு பாடுவாங்க, பல ராத்திரி நடக்கும். ராத்திரி நீளம் எல்லா நாளும் ஒண்ணுதான், சாப்பிட்டு சனம் வந்து உக்காந்ததுல இருந்து கோழி கூப்பிடற வரைக்கும். ஆனா அதுக்குள்ள போற கதை ஒரே அளவு இல்லை. பொன்னர் சங்கரோட ஆத்தா தாமரை பிள்ளை வரம் கேட்டு தவம் இருக்கறதுக்கு பாடறவரு நேரம் குடுப்பாரு, பொன்னரும் சங்கரும் வளந்த வருசத்தையெல்லாம் ரெண்டு தாளத்துல தாண்டிருவாரு, அவங்க சண்டையில சாகற படுகளம் வந்துதுன்னா ராத்திரி முச்சூடும் அதுதான். சனம் அசையாது. எங்க நிறுத்துவாருன்னா, ஒருத்தன் கெளம்பினதுக்கு அப்பறம் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி. அடுத்த நாள் வெள்ளனே சோறு தின்னுட்டு நாங்களே போய் பாய் போட்டு எடம் புடிச்சிருவோம்.

நீ பண்ணையக்காரங்க வீட்டுப் புள்ள, பாத்தி கட்டறது உனக்குத் தெரியும். செம்மண் மணல் காட்டுல சின்னப் பாத்தியா கட்டுவோம், இல்லைன்னா தண்ணி மேல்பக்கமே உறிஞ்சிட்டு கடைசிக்கு போகாது. களிமண்ணுன்னா நீளமா விடலாம், தண்ணி ஓடும். காடு சரிவா இருந்தா மறுபடியும் சின்னது. மண்ணைப் பார்த்து பாத்தி, அளவுகோலைப் பார்த்து இல்ல. தறிச்சத்தம் பாப்பா சொல்றது போன்ல படிக்கற மண்ணுக்கு சரி.

மஞ்சக்காடு (கோபி):

ஐயா, நெம்ப நன்றிங்க, அப்பாரு அத்தியாயத்தை இனி தொட மாட்டேன். தறிச்சத்தம் சொன்னது சரிதான் பாப்பா, தங்கச்சி போன்லதான் படிச்சுது.

ஆனா மொத அத்தியாயம் அப்புடியே நிக்குதுங்களே. அதுல என்ன இருக்குதுன்னா: பெரியவன் மகளுக்கு தெரட்டி சீர், வயசுக்கு வந்ததுக்கு செய்யற சீருங்க. காலைல ஒறம்பறை எல்லாம் வர்றாங்க, மாமன் சீர் வருது. மத்தியானம் பந்தியில சின்னவன் பொண்டாட்டிக்கும் பெரியவன் பொண்டாட்டிக்கும் ஒரு வார்த்தை முத்திப் போகுது, சின்னவன் சாப்பிடாம எந்திரிச்சு போயிடறான். ரவைக்கு எல்லாரும் தூங்குனதுக்கு அப்பறம் ஆத்தா தனியா எந்திரிச்சு வாய்க்கா மேட்டுக்குப் போயி உக்காந்துக்கறா, ஆனி மாசம், வாய்க்கால்ல தண்ணி கெடையாது, ஆகஸ்ட் 15தான் தெறப்பாங்க, அந்த காஞ்ச வாய்க்காலைப் பார்த்துட்டு அவ கல்யாணமாகி வந்த காலத்தை நெனைக்கறா. எல்லாம் ஒரே நாள், ஒரே வீடு, அதனாலதான் ஒட்டுக்கா ஒரே அத்தியாயமா எழுதினேன்.

இட்டாரி (திருச்செங்கோடு):

மஞ்சக்காடு, நீங்க இப்ப எழுதினதுலயே பதில் இருக்குதுங்க, திரும்ப ஒருக்கா படிச்சுப் பாருங்க. காலைல, மத்தியானம், ரவைக்கு. மூணு தடவை மூச்சு விட்டிருக்கீங்க.

நான் மூணு நாவல் முடிச்சவ, ரெண்டு புஸ்தகமா வந்துருக்கு, ஒண்ணு பரண்ல இருக்கு. அந்த பரண் நாவல்லதான் இதைக் கத்துக்கிட்டேன். ஒரே நாள் ஒரே வீடுன்னா ஒரே அத்தியாயம்னுதான் நானும் நெனச்சிருந்தேன். நாள் மாறறதை விட யாரு கண்ணு வழியா பாக்கறோம்ங்கறது மாறறதுதான் பெரிய மாத்தம். சீர் வீடு ஊரே பாக்கற மாதிரி எழுதியிருப்பீங்க, பந்தி சின்னவன் பக்கத்துல நின்னு எழுதியிருப்பீங்க, ராத்திரி ஆத்தா மனசுக்குள்ள போயிட்டீங்க. வாசகர் மூணு தடவை எடம் மாறி உக்கார்றாங்க, அதுக்கு ஒரு வெள்ளைப் பக்கம் குடுக்கலாம்.

நான் செய்யறதை சொல்றேன். எழுதி முடிக்கற வரைக்கும் அத்தியாய நம்பரே போடறதில்லை. முடிச்சதுக்கு அப்பறம் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு காட்சியையும் தனித்தனியா கிளிப் போட்டு திண்ணைல வரிசையா பரப்பி வெச்சுருவேன், ஒவ்வொண்ணு மேலயும் பென்சில்ல ஒரே ஒரு வரி, இங்க யாருக்கு என்ன மாறுச்சு. எதுவுமே மாறாத காட்சி இருந்துதுன்னா அது தனி அத்தியாயமா நிக்காது, பக்கத்துல இருக்கறதோட சேரும், இல்லைன்னா போயிரும். ஒரே கட்டுல ரெண்டு பெரிய மாத்தம் எழுதியிருந்துதுன்னா அங்க வெட்டு.

அப்பறம் வெட்டுற எடம். பந்தியில சின்னவன் எந்திரிச்சுப் போறான்ல, அதுக்கு அப்பறம் எத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க? எல்லாரும் அதைப் பத்தி பேசறதை எழுதியிருப்பீங்கன்னு நெனக்கறேன். எச்சல் எல எடுக்காம கெடக்கறதோட நிறுத்திப் பாருங்க. என்னோட கையெழுத்துப் பிரதியில பத்துல ஆறு அத்தியாயத்துக்கு கடைசிப் பத்தி தேவையே இல்லாம இருந்துச்சு, நடந்ததை நானே விளக்கிட்டு இருந்தேன்.

ஒரு இடத்துல மட்டும் தறிச்சத்தத்தோட ஒத்துப்போக முடியலைங்க. மொத அத்தியாயம் எல்லாம் சின்னதா இருக்கோணும்னு வெச்சுக்க வேண்டியதில்லை. சீர் வீடுன்னா கூட்டம்தான், அந்தக் கூட்டத்தை குறுக்குனா சீரே இல்லாம போயிரும். 15 பக்கம் இருந்துட்டுப் போகுது. அடுத்தது அளவா வந்துதுன்னா சரியாயிரும்.

தறிச்சத்தம் (சோமனூர்):

இட்டாரி அக்கா சொல்றது புஸ்தகத்துக்கு சரிதான், ஒத்துக்கறேன். ஆனா மஞ்சக்காடு அக்கா அதை மொதல்ல போன்ல படிக்கற ஆளுங்ககிட்டதான் குடுக்கப் போறாங்க, அதனால அந்த 15 பக்கத்துக்குள்ளயும் நடுவுல ஒரு வரி எடம் விட்டு மூணு புள்ளி போட்டுருங்க. அத்தியாயம் உடையாது, படிக்கறவங்களுக்கு எறங்க எடமும் ஆச்சு. எங்க அம்மாவே அப்புடி புள்ளி வந்தாத்தான் போனை கீழ வெக்கறாங்க.

மஞ்சக்காடு (கோபி):

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கோணும், தோட்டத்துல மஞ்ச வெட்டு, ராத்திரிதான் உக்கார முடிஞ்சுது.

திண்ணைல பரப்பிப் பார்த்தனுங்க, காத்துக்கு பறக்காம ஒவ்வொண்ணு மேலயும் ஒரு விரலி மஞ்ச கெழங்கு வெச்சேன். மொத அத்தியாயம் மூணாச்சு. சீர் வீடு 16 பக்கம், நடுவுல புள்ளி போட்டாச்சு. பந்தி 9 பக்கம். சின்னவன் போனதுக்கு அப்பறம் நாலரைப் பக்கம் எழுதியிருந்தனுங்க, இட்டாரி அக்கா சொன்ன மாதிரியே எல்லாரும் அதைப் பத்தியே பேசிட்டு இருந்தாங்க, முச்சூடும் எடுத்துட்டேன், எலையோட நிக்குது. ஆத்தா வாய்க்கா மேட்டுல 7 பக்கம். பழைய ஆறாவதும் ஏழாவதும் ஒண்ணாச் சேந்துருச்சு, ரெண்டுலயும் ஒரே சண்டைதான் நடந்துட்டு இருந்துது. இப்ப மொத்தம் 15 அத்தியாயம், அப்பாரு சாகற பழைய நாலாவது இப்ப ஆறாவதாப் போச்சு, அதே மூணு பக்கத்தோட.

சித்தப்பா மகளுக்கு சீர் வீட்டை மட்டும் அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி, அக்கா பந்தில என்ன ஆச்சுன்னு கேட்டுது.