பொலென்டா: இந்தப் பேரு எங்கருந்து வந்துச்சு?

கேள்வி:
ஒரு இத்தாலி சமையல் வீடியோ பாத்தேன், மக்காச்சோள மாவ செம்புச் சட்டில போட்டு கை வலிக்க வலிக்க கிண்டி, பலகைல கொட்டி, கெட்டியானதும் நூலால அறுக்குறாங்க. பேரு பொலென்டா. அப்படின்னா என்ன அர்த்தம்? போலோன்னா கோழி, அதுலருந்து வந்துச்சோ?

பதில் 1:
கோழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல 😄 லத்தீன்லயே பொலென்டான்னு வார்த்தை இருக்கு, ஆனா அது வாற்கோதுமைய வறுத்து ஒடச்சது. மக்காச்சோளம் 1492ல கொலம்பஸ் போனதுக்கு அப்புறம்தான ஐரோப்பாவுக்கே வந்துச்சு, ரோமாக்காரங்க அத கண்ணுலயே பாத்ததில்ல. தானியம் மாறிடுச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. மகரந்தத்துக்கு சொல்ற போலன் கூட இதுக்குச் சொந்தம்தான், லத்தீன்ல அதுக்கு நைசான மாவுன்னு அர்த்தம்.

பதில் 2:
வடக்கு இத்தாலில வால்டெல்லினாங்கற பள்ளத்தாக்கு பக்கம் பக்வீட்ங்கற தானியத்தோட மாவு கலந்து பொலென்டா தரான்யா செய்வாங்க. கிண்டுற கட்டைக்கு அங்க தராய், அதுலருந்து வந்த பேரு. அப்புறம் தெக்கத்தி இத்தாலிக்காரங்க வடக்கத்திக்காரங்கள பொலென்டோனேன்னு, அதாவது பொலென்டா தின்னின்னு, கிண்டல் பண்ணுவாங்க, கேட்டா கடுப்பாயிடுவாங்க.

பதில் 3:
இதுல ஒரு சோகமும் இருக்கு. வடக்குல ஏழைங்க வருஷம் பூரா இதயே தின்னு, நயாசின் சத்து கெடைக்காம தோல் வெடிச்சு, புத்தி பேதலிச்சு செத்தாங்க. அந்த நோய்க்கு பெல்லாக்ரான்னு 1771ல பேரு வெச்சவர் மிலான் டாக்டர் ஃப்ராபோலி, சொரசொரப்பான தோல்னு அர்த்தம்.

கேள்வி கேட்டவர்:
அட, கோழில ஆரம்பிச்சு எங்கயோ போயிடுச்சே. நன்றி மக்களே!