ஃபாக் ஆலன் புட்பால்லயும் ஜாம்பவானா? யாரு சொன்னா?

கூடைப்பித்தன்:
நேத்து இங்க ஒரு மகான் கான்சாஸ் யுனிவர்சிட்டி கோச் ஃபாக் ஆலன் "பாஸ்கெட்பால், அமெரிக்கன் புட்பால் ரெண்டுலயும் ஜாம்பவான்"னு எழுதிட்டு போயிருக்காரு, படிச்சதுலேர்ந்து எரியுது. பாஸ்கெட்பால்ல 746 வெற்றி, கும்பிடு போடுறேன். ஆனா கான்சாஸ்ல புட்பால் கோச்சா இருந்தது 1920ல ஒரே ஒரு சீசன். ஒரே ஒரு சீசன் சாமி!

டச்டவுன் ரவி:
அந்த மகான் நான்தான், பேர சொல்லியே திட்டலாம். அந்த சீசன் கணக்கு 5 வெற்றி, 2 தோல்வி, 1 டை. அந்த டை நெப்ராஸ்கா கூட, பாதி ஆட்டம் வரைக்கும் 20-0ன்னு அடி வாங்கிட்டு கடைசில 20-20ன்னு முடிச்சாங்க. அந்த சூட்டோட சூடாதான் கான்சாஸ் யுனிவர்சிட்டியோட புட்பால் மைதானம் மெமோரியல் ஸ்டேடியம் கட்ட காசு வசூல் பண்ணாங்க, 1921ல அதுல மேட்சே ஆடியாச்சு.

கூடைப்பித்தன்:
டை ஆனதுக்கு மாலை போடுற ஆள இப்பதான் பாக்குறேன். வசூல் நல்லா நடந்துச்சுன்னா ஜாம்பவானா? ஒரே சீசன்.

டச்டவுன் ரவி:
வாரன்ஸ்பர்க் டீச்சர்ஸ் காலேஜ்ல 1912லேர்ந்து 1917 வரைக்கும் புட்பால் கோச்சிங் பண்ணாரே, அது என்ன கணக்கு?

கூடைப்பித்தன்:
நான் கான்சாஸ்னு தெளிவா எழுதியிருக்கேன், கண்ணாடி போட்டு படிங்க.

மிசௌரி மாமா:
ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா. பாஸ்கெட்பால்லயே பாதி பில்டப்புதான். கான்சாஸ் மாட்டி வச்சிருக்கிற அந்த 1922, 1923 சாம்பியன் பேனர் ரெண்டும் ஹெல்ம்ஸ் பவுண்டேஷன்னு ஒரு அமைப்பு பல வருஷம் கழிச்சு உக்காந்து குடுத்த பட்டம். காலேஜ் டீம்களுக்கான தேசிய போட்டி, அதான் என்சிஏஏ, அதுவே 1939லதான் ஆரம்பிச்சுது. நெஜமா மோதி ஜெயிச்சது 1952, செயின்ட் ஜான்ஸ 80-63ன்னு அடிச்சது. அதோட சரி.

கூடைப்பித்தன்:
மாமா பேனர்ல மட்டும் கை வைக்காதீங்க. போட்டியே இல்லாத காலத்துல எங்க போய் ஜெயிப்பாரு? போன மாசம் நெய்ஸ்மித் பத்தி பேசினப்பவும் இதே மாதிரி நடுவுல பூந்து குழப்பினீங்க, நான் மறக்கல.

மிசௌரி மாமா:
குழப்பல தம்பி, உண்மைய சொன்னேன். ஆட்டத்த கண்டுபிடிச்ச நெய்ஸ்மித்தே கான்சாஸ்ல 55 ஜெயிச்சு 60 தோத்தவரு. உனக்கு அப்பவும் வலிச்சுது, இப்பவும் வலிக்குது.

டச்டவுன் ரவி:
பெரிய பாஸ்கெட்பால் ஸ்டார் வில்ட் சேம்பர்லின கான்சாஸுக்கு கூட்டிட்டு வந்ததே ஆலன்தான், அத யாரும் பேச மாட்டீங்க. 70 வயசாச்சுன்னு 1956ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, பாவம் மனுஷன் காலேஜோட மெயின் டீம் (வார்சிட்டி) மேட்ச் ஒண்ணு கூட அந்த பையன வச்சு ஆடல. வில்ட் மொத மேட்ச்லயே 52 பாயிண்ட், அப்ப கோச்சா பெஞ்ச்ல இருந்தது டிக் ஹார்ப். ஆலன் இருந்திருந்தா 1957 என்சிஏஏ பைனல் நமக்குத்தான்.

கூடைப்பித்தன்:
மூணு ஓவர்டைம் போய் 54-53ன்னு நார்த் கரோலினாகிட்ட தோத்த மேட்ச், அதுல ஆலன் வந்து என்ன மந்திரமா போட்டிருப்பாரு? ஒரு சீசன் புட்பால் கோச்சுக்கு இவ்ளோ வக்காலத்தா, பீஸ் எவ்ளோ வாங்குறீங்க?

டச்டவுன் ரவி:
ஏழு சீசன். வாரன்ஸ்பர்க் ஆறு, கான்சாஸ் ஒண்ணு. கூட்டத் தெரியாதா?

கூடைப்பித்தன்:
கான்சாஸ்ல ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு.

மிசௌரி மாமா:
ரிங்க 12 அடிக்கு தூக்கணும்னு வருஷக்கணக்கா கத்தினாரே, அத கேட்டிருந்தா இன்னிக்கு எகிறி பந்த ரிங்குக்குள்ள அடிக்கிற டங்க் பாக்க முடியுமா சொல்லு?

கூடைப்பித்தன்:
அதுக்கு தனியா வாங்க மாமா, அதுலயும் நீங்க சொல்றது தப்புதான்.