தளம் போட்டு மூன்றாம் நாள் விரிசல், சென்ட்ரிங் பிரிக்கலாமா? அவசரம்

முதல்வீடு | செவ்வாய், இரவு 9.52

வணக்கம். வீட்டுக்குத் தளம் போட்டு மூன்று நாள் ஆகிறது. இன்று மாலை மேலே ஏறிப் பார்த்தால் ஐந்தாறு இடத்தில் விரிசல். சென்ட்ரிங்காரர் தமக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லி, வியாழக்கிழமை காலை தளத்தைத் தாங்கி நிற்கும் பலகையையும் முட்டுகளையும் எடுத்துக்கொள்ள வருகிறார். சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். எனக்கு ஒப்பந்தக்காரர் கிடையாது. நானே பொருள் வாங்கி, கூலிக்கு ஆள் வைத்துக் கட்டுகிறேன். பிரிக்கலாமா, கூடாதா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

மேஸ்திரிமகன் | செவ்வாய், இரவு 10.05

எந்த ஊர்? விரிசல் மேலே மட்டுமா, கீழேயும் தெரிகிறதா? கம்பி ஓடும் திசையிலேயே நேராகப் போகிறதா, குறுக்கும் நெடுக்குமாகவா? எத்தனை அங்குலத் தளம், என்ன சிமெண்ட்? இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான்.

கருங்கல் | செவ்வாய், இரவு 10.11

எம்-சாண்ட், அதாவது நொறுக்கிய கல்மணல் போட்டிருப்பீர்கள். அதுதான் காரணம். எங்கள் அப்பா 1984-ல் ஆற்று மணலில் போட்ட தளம் இன்றுவரை ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது.

ஓய்வுப்பொறியாளர் | செவ்வாய், இரவு 10.30

இதே கேள்வியை இங்கே பல முறை பார்த்துவிட்டேன். பொறியாளரை வைக்காமல் வீடு கட்டத் தொடங்குவது, தளம் போட்ட பிறகு வந்து விரிசல் என்பது. தளம் என்பது சுவர் பூசுவதைப் போன்ற வேலை அல்ல, தம்பி. கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்று ஓர் இந்திய விதிநூல் இருக்கிறது. அதில் முட்டு பிரிப்பதற்கான நாள்கணக்கு அட்டவணையாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. தளத்தைத் தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையே உள்ள தூரம் 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். மூன்றாம் நாள் பிரிப்பது பற்றி நினைப்பதே தவறு. முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

தாழ்வாரம் | செவ்வாய், இரவு 10.41

ஐயா, நீங்கள் சொல்லும் நாள்கணக்கு சரி. ஆனால் பொறியாளருக்குக் கொடுக்கப் பணம் இருந்தும் இவர் மிச்சம் பிடித்தார் என்று எப்படித் தெரியும்? நானும் இப்படித்தான் கட்டினேன். பதறி வந்திருப்பவரிடம் படித்துவிட்டு வா என்றால் அவர் யாரிடம் போவார்?

முதல்வீடு, அந்த 7 நாளும் 14 நாளும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. மூட்டை என்றால் அது மெதுவாக வலுவேறும், இன்னும் சில நாள் கூட்ட வேண்டும். மூட்டையில் எழுதியிருக்கும், பாருங்கள்.

முதல்வீடு | செவ்வாய், இரவு 11.20

மன்னிக்கவும், பதற்றத்தில் எதையும் எழுதவில்லை. ஊர் ஆலங்குளம் பக்கம். 5 அங்குலத் தளம். பி.பி.சி. சிமெண்ட். எம்-சாண்ட்தான். ஹால் 16க்கு 20 அடி, நடுவில் ஒரு பீம் இருக்கிறது. ஞாயிறு காலை 8 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 3 மணிக்கு முடித்தோம். விரிசல் மேலே தெரிகிறது. கீழே பலகை இருப்பதால் பார்க்க முடியவில்லை.

மேஸ்திரிமகன் | செவ்வாய், இரவு 11.38

ஆலங்குளமா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஆடி மாதம், காற்றாலை சுற்றுகிற ஊர். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, உங்கள் ஊருக்கு வெறும் காற்றாக வந்து சேர்கிறது. வெயில் குறைவாக இருப்பதால் தளம் காயாது என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் காற்றுதான் அதிகம் உறிஞ்சும்.

கான்கிரீட் போட்டவுடன் உள்ளிருந்து நீர் மெல்ல மேலே கசிந்து வரும். கசிந்து வருவதைவிட வேகமாகக் காற்று அதைக் கொண்டுபோனால், மேல்தோல் இறுகுவதற்கு முன்பே சுருங்கிக் கிழிந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஒரு லிட்டர் அளவு ஆவியானாலே அபாயம் என்று கணக்கு உண்டு. இந்த வகை விரிசல் போட்ட அன்றே, சில மணி நேரத்துக்குள் வந்துவிடும். நீங்கள் மூன்றாம் நாள்தான் கவனித்திருக்கிறீர்கள்.

என் தந்தை ஆடியில் தளம் போட்டால், தேய்த்து முடித்த இடத்தில் உடனுக்குடன் தார்ப்பாயோ பிளாஸ்டிக் விரிப்போ இழுத்து மூடிக்கொண்டே வருவார். கடைசி மூலை முடியும்போது முதல் மூலை மூடியிருக்கும். ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்துவார். அன்று மாலையே ஈரச் சாக்கு. மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர்.

நீங்கள் எப்போது தண்ணீர் கட்டினீர்கள்?

முதல்வீடு | செவ்வாய், இரவு 11.44

திங்கள் காலை 10 மணிக்கு ஹோஸ் பைப்பில் தெளித்தோம். பாத்தி கட்டவில்லை. மூடவும் இல்லை.

கருங்கல் | புதன், காலை 6.15

காற்று எல்லா ஊரிலும் அடிக்கிறது. எம்-சாண்டில் கல்தூள் அதிகம். தூள் தண்ணீரைக் குடிக்கும், கலவை இறுகாது, கொத்தனார் இன்னும் தண்ணீர் ஊற்றுவார், பிறகு விரிசல் வரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கல்லும்கம்பியும் | புதன், காலை 7.02

கருங்கல் அண்ணா, தூள் அதிகமானால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும் என்பது உண்மை. ஆனால் ஐ.எஸ். 383 விதியே நொறுக்கிய கல்மணலை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிரச்சினை, குவாரித் தூளையே எம்-சாண்ட் என்று விற்பதில்தான் இருக்கிறது. கழுவிச் சலித்த மணலுக்கும் தூளுக்கும் வித்தியாசம் கையில் எடுத்தாலே தெரியும். ஒரு கண்ணாடிக் குவளையில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் சேற்றுப்படலம் தடிமனாக இருந்தால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆற்று மணலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆற்றில் மணல் அள்ளி அள்ளி, நாற்பது அடியில் இருந்த கிணற்றுத் தண்ணீர் எங்கேயோ போய்விட்டது. வீடு கட்டியவர்கள் இப்போது குடிக்கத் தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிறார்கள். ஆற்று மணல்தான் சிறந்தது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணறுதான் நினைவுக்கு வருகிறது.

கருங்கல் | புதன், காலை 7.20

மலையைக் குடைந்தால் மட்டும் தண்ணீர் போகாதா? எங்கள் ஊரில் குவாரி வெடிக்கு நான்கு வீட்டுச் சுவர் பிளந்திருக்கிறது. ஆறு மட்டும்தான் இயற்கையா?

கல்லும்கம்பியும் | புதன், காலை 7.31

அதையும் மறுக்கவில்லை. இரண்டும் நிலத்திலிருந்து எடுப்பதுதான். ஆனால் ஆறு பல ஊர்களுக்குப் பொது.

ஓய்வுப்பொறியாளர் | புதன், காலை 7.50

மணலைப் பற்றிப் பேச வேறு இழை தொடங்குங்கள். இங்கே ஒருவர் தலைக்கு மேல் தளம் நிற்கிறது.

முதல்வீடு: மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர்? சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. வாளிக் கணக்கு வைத்திருந்தீர்களா, குழாயைத் திறந்துவிட்டீர்களா? அந்தக் கான்கிரீட்டிலேயே சோதனைக்குக் கட்டி வார்த்து எடுத்தீர்களா? 15 சென்டிமீட்டர் கட்டி ஆறு எடுத்து வைத்திருந்தால் மூன்றை 7-ஆம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் உடைத்துப் பார்த்து வலுவைச் சொல்லிவிடலாம். எடுத்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

பீம் 16 அடிக்கு ஓடுகிறது என்றால் அதன் அடி முட்டுக்கு 14 நாள். பி.பி.சி. என்பதால் நான் 21 சொல்வேன். தளத்துக்கு 14.

தாழ்வாரம் | புதன், காலை 8.10

இன்னொன்றும் சொல்கிறேன், பலர் ஏமாறும் இடம் இது. மூன்றாம் நாள் பலகையை எடுக்கலாம் என்று சென்ட்ரிங்காரர்கள் சொல்வது முழுப் பொய் அல்ல. பலகையை எடுத்தவுடன் தளத்துக்கு அடியில் முட்டுகளை மீண்டும் நிறுத்துவதாக இருந்தால் 3 நாள் என்று அதே விதியில் இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொல்வார்கள்.

வாடகைதான் சிக்கல் என்றால் பலகையைக் கொடுத்துவிட்டு முட்டுகளுக்கு மட்டும் வாடகை பேசலாம். ஆனால் அது உங்கள் தளத்துக்குப் பொருந்துமா என்பதை நேரில் பார்க்கும் ஒருவர்தான் சொல்ல வேண்டும். விரிசல் என்னவென்று தெரியாமல் எதையும் அசைக்காதீர்கள்.

பால்கனி இருக்கிறதா?

முதல்வீடு | புதன், காலை 9.05

வீட்டின் முன்புறம் 4 அடி பால்கனி. தண்ணீர் அளவு வைக்கவில்லை, கொத்தனார் கையாலேயே பார்த்து ஊற்றினார். கட்டி எடுக்கவில்லை. கூடுதல் வாடகை நாளுக்கு 900 ரூபாய் கேட்கிறார். இதுவரை செலவானதே கைக்கு மீறிவிட்டது.

மேஸ்திரிமகன் | புதன், காலை 9.22

பால்கனி முட்டுகளைக் கடைசி வரை தொடாதீர்கள். வீட்டுத் தளத்தில் கம்பி அடியில் வேலை செய்யும். வெளியே நீட்டிய தளத்தில் மேலே இருக்கும் கம்பிதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அந்தக் கம்பியில் நடந்து மிதித்துக் கீழே இறக்கிவிட்டால், பால்கனி தொங்கும். மேல் கம்பி இறங்காமல் தாங்க, நாற்காலி என்று சொல்லும் வளைத்த கம்பித்துண்டுகளை வைத்துத் தூக்கி இருந்தார்களா?

பிரிக்கும் நாளிலும் வரிசை உண்டு. உள்தளத்துக்கு நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். பால்கனிக்கு நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி. மாற்றிச் செய்தால் தளம் ஒரே நொடியில் எதிர்த் திசையில் வளையும்.

இப்போது செய்ய வேண்டியது: விரிசல்களைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பழைய விசிட்டிங் கார்டு நுழைகிறதா பாருங்கள். அதன் தடிமன் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். நுழையாத மயிரிழை விரிசல் பெரும்பாலும் மேல்தோலோடு நிற்கும். நுழைந்தால் ஆழம் பார்க்க வேண்டும். பிறகு சிமெண்ட் கலவையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பி.பி.சி.க்குப் பத்து நாளாவது தண்ணீர் வேண்டும், பதினான்கு என்றால் நிம்மதி. தண்ணீர் நின்ற பிறகு கீழே பலகை இணைப்புகளில் எங்கே சொட்டுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது பல கேள்விக்குப் பதில் சொல்லும்.

கடல்தாண்டி | புதன், பகல் 1.40

துபாயில் இருந்துகொண்டு ஊரில் இதேபோல் கட்டியவன் நான். சிமெண்ட் பால் பற்றி: மேலே தடவினால் விரிசல் கண்ணுக்கு மறையும், உள்ளே இறங்காது. என் வீட்டில் அதைத்தான் செய்தார்கள். இரண்டாம் மழைக்கு ஹால் விளக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. முதல்வீடு, கொத்தனார் சொல்வதைக் கேட்டு இன்றைக்கே மூடிவிடாதீர்கள். மறைத்துவிட்டால் பிறகு யாருக்கும் காட்ட முடியாது.

கல்லும்கம்பியும் | புதன், பிற்பகல் 2.15

காலை 8 முதல் 3 வரை என்றீர்கள். ஹால், பால்கனி சேர்ந்த தளத்துக்கு ஏழு மணி நேரமா? கலவை மெஷின் இடையில் நின்றதா? சாப்பாட்டு இடைவேளை விட்டீர்களா?

முதல்வீடு | புதன், மாலை 6.48

மெஷின் பெல்ட் அறுந்து இரண்டேகால் மணி நேரம் நின்றது. அது முக்கியம் என்று நினைக்கவில்லை. இப்போது பாத்தி கட்டித் தண்ணீர் விட்டிருக்கிறோம். ஐந்து விரிசலில் கார்டு நுழையவில்லை. ஒன்றில் நுழைகிறது. அது வேலை நின்ற இடத்தில், பீமிலிருந்து மூன்றடி தள்ளி நேர்கோடாகப் போகிறது. அந்தக் கோட்டுக்கு நேர் கீழே பலகையில் ஈரம். கம்பிக்கு நாற்காலி வைத்திருந்தார்கள்.

கல்லும்கம்பியும் | புதன், மாலை 7.03

அப்படியானால் அது காற்று விரிசல் அல்ல. பழைய கான்கிரீட் இறுகத் தொடங்கிய பிறகு அதன் பக்கத்தில் புதியதைக் கொட்டியிருக்கிறார்கள். இரண்டும் ஒட்டவில்லை. நின்ற விளிம்பைச் சுரண்டிச் சிமெண்ட் குழம்பு பூசிவிட்டுத் தொடர்ந்திருக்க வேண்டும். கம்பி ஊடே போவதால் தளம் பிரிந்து விழும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். பீமுக்கு மிக அருகில் என்றால் மோசம். உங்களுடையது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது, அது சற்று நல்லது.

நாளை காலை சென்ட்ரிங்காரர் வருவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 900 ரூபாய் வாடகையை எண்ணித் தயங்காதீர்கள். இன்று இதில் சேமிப்பதை நாளை எதிலும் ஈடுகட்ட முடியாது.

ஓய்வுப்பொறியாளர் | புதன், இரவு 8.30

இரண்டேகால் மணி நேரத்தை நேற்றே எழுதியிருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன். முகவரி வேண்டாம், தென்காசியில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் கட்டமைப்பு வேலை பார்க்கிறார். தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன். நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நேரில் பார்க்கக் கட்டணம் வாங்க மாட்டார்.

கருங்கல் | புதன், இரவு 9.10

பெல்ட் அறுந்தது மணலால் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். மற்ற ஐந்து விரிசலுக்கு மணலையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதல்வீடு | வெள்ளி, இரவு 10.17

பொறியாளர் வந்து பார்த்தார். சென்ட்ரிங் அசைக்கக் கூடாது, பீமுக்கும் பால்கனிக்கும் 21 நாள் என்றார். வாடகை 600க்கு ஒத்துக்கொண்டார்கள். வேலை நின்ற கோட்டில் 28 நாளுக்குப் பிறகு எபாக்சி என்ற ஒட்டும் பிசினைச் செலுத்த வேண்டுமாம். தண்ணீர் நிற்கிறது. ஐயாவுக்கும் எல்லாருக்கும் நன்றி. காலையில் வேலைக்குப் போக வேண்டும், பிறகு எழுதுகிறேன்.

கடல்தாண்டி | சனி, காலை 11.25

எபாக்சிக்கு முன் கம்பியைத் திறந்து பார்க்கச் சொன்னாரா? மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

தாழ்வாரம் | அடுத்த மாதம், ஞாயிறு, மாலை 5.40

முதல்வீடு, 21 நாள் முடிந்திருக்குமே. பிரித்துவிட்டீர்களா? பால்கனி எப்படி இருக்கிறது?