ட்ருபல் கோர்ல ஓட்டையே வந்ததில்லையாம்!

கோடாங்கி: வெப்சைட் கட்டற மென்பொருள் ட்ருபல்; அதோட அடிப்படைப் பகுதி கோர், மேல தனியா சேர்த்துக்கறது மாட்யூல். பக்கத்து திரியில ஒருத்தர் "ட்ருபல் கோர்ல ஓட்டையே வந்ததில்ல, ஹேக் ஆனதெல்லாம் கண்ட மாட்யூலையும் போட்டதாலதான்"னு அடிச்சு விட்டிருக்கார். 2014 அக்டோபர் 15 மறந்துபோச்சா? வெளியிலருந்து வர்ற அர்ரேயோட (மதிப்புப் பட்டியலோட) கீ, டேட்டாபேஸுக்குப் போற க்வெரியில மதிப்பு வர்ற இடத்தைக் குறிக்கற ப்ளேஸ்ஹோல்டர் பேர்ல அப்படியே போய் உக்காந்துச்சு, லாகின் ஃபார்ம் வழியாவே எவன் வேணா க்வெரியை உள்ள தள்ளலாம், அக்கவுண்ட்டே தேவையில்ல. சரி பண்ணது ஒரே ஒரு வரி. அது கோர் சார், மாட்யூல் இல்ல.

பனைமரம்: அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே எழுதலாமே, பயமா? எப்பவோ வந்த ஒண்ணைப் புடிச்சு தொங்கறீங்க. பராமரிக்க ஆளே இல்லாத மாட்யூலா அள்ளிப் போட்டு சைட்டை நாசம் பண்றவங்களைப் பத்தி பேசுங்க.

கோடாங்கி: ஒண்ணா? 2018 மார்ச் 28ல அறிவிச்ச ஓட்டை என்ன? அதுவும் கோர்தான். 2014ல ஓட்டையை அடைச்ச 7.32 வந்து 7 மணி நேரத்துக்குள்ள பேட்ச் (திருத்தம்) போடாத ட்ருபல் 7 சைட் எல்லாம் ஹேக் ஆயிடுச்சுன்னே வெச்சுக்கோங்கன்னு செக்யூரிட்டி டீமே எழுதினாங்க. கோர்ல!

நிரலன்: பட்டியல் போட்டுக் காட்டற வியூஸ், ட்ருபல் 7 வரைக்கும் வெளி மாட்யூல், 8ல கோர்க்குள்ள வந்துடுச்சு. அதுல ஓட்டை வந்தா யார் கணக்குல எழுதுவீங்க?

பனைமரம்: வியூஸ் பேச்சு இங்க எதுக்கு? மாட்யூலோட ப்ராஜெக்ட் பக்கத்துல, செக்யூரிட்டி டீம் கவனிப்புல இருக்குன்னு காட்டற கேடயச் சின்னம் இருக்கான்னு பாத்து போடுங்கன்றேன், அவ்வளவுதான்.

கோடாங்கி: கேடயம் இருந்தா ஓட்டை வராதுன்னு எவன் சொன்னான்? ஸ்டேபிள் ரிலீஸ்ல ஓட்டை வந்தா செக்யூரிட்டி டீம் முறையா அறிவிப்பாங்க, அதுக்குத்தான் அது. நானும் மாட்யூல் எழுதி ட்ருபல் 7லருந்து பராமரிக்கறவன், 8 வந்தப்ப மொத்தத்தையும் திருப்பி எழுதினேன், பைசா வாங்கல. அதனால "கண்ட மாட்யூல்"னா சுருக்குனு குத்துது. 2014ல ஓட்டை கோர்ல.

பனைமரம்: பராமரிக்கறீங்களா? நான் போட்ட பேட்ச் உங்க மாட்யூலோட இஷ்யூ க்யூல (குறை, திருத்தம் பதியற வரிசைல) இன்னும் தொங்குதே, "ரிவ்யூ பண்றேன்"னு சொல்லிட்டு ஆளையே காணோம்.

கோடாங்கி: டெஸ்ட் (சரியா ஓடுதான்னு சோதிக்கற கோட்) எழுதாம பேட்ச் போட்டா மெர்ஜ் பண்ண (மாட்யூல்ல சேர்க்க) மாட்டேன். அன்னிக்கே சொன்னேன்.

பனைமரம்: டெஸ்ட் போட்டாச்சு. இஷ்யூவைத் திறந்து பாத்தாதானே தெரியும்.

நிரலன்: வியூஸ் யார் கணக்குன்னு இன்னும் யாரும் சொல்லல.

கோடாங்கி: பாத்தேன். அது டெஸ்ட் இல்ல, ஸ்க்ரீன்ஷாட்.

பனைமரம்: ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கீழ பாருங்க!