‘கேரி’ என்றால் ‘மாங்’ என்று சொல்லிக்கொடுப்பது சரியா?

சைகோன் வாத்தியார்:
ஹோ சி மின் நகரில் மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நேற்று ஒரு மாணவி படம் பார்த்து எழுதிய வாக்கியம்: ‘ஷீ இஸ் கேரியிங் ரெட் ஷூஸ்’. படத்தில் இருக்கும் பெண் சிவப்பு ஷூவைக் காலில் போட்டிருக்கிறாள். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். பாடநூலின் சொற்பட்டியலில் ‘கேரி’க்கு ‘மாங்’ என்று இருக்கிறது, தெற்கு வியட்நாமில் ஷூ போடுவதும் ‘மாங்’தான் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு, வியட்நாமியத்தில் சுமப்பதற்கு உள்ள வினைகளையெல்லாம் பட்டியலாகக் கொடுக்கலாமா?

அகராதிப்பிரியன்:
கட்டாயம் கொடுங்கள் சார். எதைச் சுமக்கிறோம் என்பதோடு எப்படிச் சுமக்கிறோம் என்பதையும் அவர்கள் வினையிலேயே சொல்லிவிடுகிறார்கள். பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போனால் ‘சாக்’. மூட்டையைத் தோளில் போட்டால் ‘வாக்’. மூங்கில் கழியின் இரு முனையிலும் கூடை தொங்கத் தோளில் எடுத்துப் போனால் ‘கான்’. இரண்டு பேர் சேர்ந்து பீரோவைத் தூக்கினால் ‘கியெங்’. குழந்தையை முதுகில் ஏற்றிக்கொண்டால் ‘கோங்’. இவ்வளவு நுட்பமாகப் பிரிப்பவர்களிடம் ‘மாங்’ ஒன்றை மட்டும் கொடுத்தால், கழியில் கூடை சுமந்து வரும் அம்மாவுக்கும் ‘கேரி’தான் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

நிலா டீச்சர்:
இதை நான் ஏற்கவில்லை. அந்தப் பட்டியல் வியட்நாமியம் படிக்கிற நமக்குத் தேவை, ஆங்கிலம் படிக்கிற அவர்களுக்கு இல்லை. பல சொற்களை ஒன்றில் அடக்குவது சுலபம். ஒன்றைப் பலவாகப் பிரிப்பதுதான் கஷ்டம். அந்த மாணவி ‘சாக்’கிலோ ‘கியெங்’கிலோ தடுமாறவில்லை, ‘மாங்’கில் தடுமாறினார். ஏனென்றால் அந்தச் சொல் ஆங்கிலத்தில் ‘கேரி’யோடு நிற்பதில்லை. ஷூ என்றால் ‘வேர்’, அதாவது அணிவது என்று ஆகிறது. ‘மாங் டென்’ என்றால் ‘பிரிங்’, ‘மாங் டி’ என்றால் ‘டேக்’. தமிழில் யோசித்துப் பாருங்கள்: கொண்டு வா, கொண்டு போ. ‘கொண்டு’ மாறாமல் நிற்கிறது, திசையைப் பின்னால் வரும் வினை சொல்கிறது. அவர்களுக்கும் அப்படியேதான். ஆங்கிலம் திசையை வினைக்குள்ளேயே வைத்திருக்கிறது. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

அகராதிப்பிரியன்:
‘மாங்’ பற்றி நீங்கள் சொன்னது சரி டீச்சர். ஆனால் பிழை அங்கே மட்டும்தானா? ‘டோய்’ என்ற வினையைப் பாருங்கள். தலையில் தொப்பி போட்டாலும் ‘டோய்’, கூடை சுமந்தாலும் ‘டோய்’. மோதிரம், மூக்குக்கண்ணாடி, முதுகுப்பை மூன்றுக்கும் ‘டெவ்’. ஆங்கிலத்தில் தொப்பிக்கு ‘வேர்’, கூடைக்கு ‘கேரி’. முதுகுப்பைக்கு இரண்டையும் சொல்வார்கள். பட்டியல் போடாமல் இதை எங்கே சொல்வீர்கள்?

யாழ் வாசகன்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். எங்கட பக்கம் சுமந்து போவதைக் ‘காவுதல்’ என்போம். நோயைப் பரப்பும் நுளம்பு ‘நோய்க்காவி’. ஆங்கிலமும் நோய்க்குக் ‘கேரி’ என்கிறது, வியட்நாமியமும் ‘மாங்’ என்கிறது. வயிற்றில் பிள்ளை இருப்பதையும் அவர்கள் ‘மாங் தாய்’ என்பார்கள், அதுவும் ‘கேரி’யோடு ஒத்துப்போகும். ஆகவே ‘மாங்’கை முழுசாகத் தூக்கி எறியத் தேவையில்லை.

நிலா டீச்சர்:
‘டோய்’, ‘டெவ்’ இரண்டையும் விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். சரி, ‘மாங்’கோடு சேர்த்து இந்த மூன்றையும் சொல்லுங்கள். மற்றவை வேண்டாம். சொல்லும்போதும் மொழிபெயர்ப்பாக இல்லாமல் படமாகக் காட்டுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண். பக்கத்திலேயே, அதே ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு நிற்கும் அதே பெண். முதல் படம் ‘கேரி’, இரண்டாவது ‘வேர்’.

அகராதிப்பிரியன்:
படம் நல்ல யோசனை. ஆனாலும் ‘சாக்’கை விடாதீர்கள். விமானத்தில் கையோடு எடுத்துப் போகும் பெட்டிக்கு அவர்கள் சொல்லும் பெயரே ‘ஹான் லீ சாக் தை’. ஆங்கிலத்தில் அந்தப் பெட்டி ‘கேரி ஆன்’. அதைத் தொடருங்கள், தொடர்ந்து செய்யுங்கள் என்று மட்டும் படித்த ஒருவர் விமான நிலையத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன நினைப்பார்?

சைகோன் வாத்தியார்:
இருவருக்கும் நன்றி. முழுப் பட்டியலை அச்சடிக்கப்போவதில்லை. ஷூ படம் இரண்டையும் நாளைக்கே வரைகிறேன், ‘சாக் தை’யைப் பயணப் பாடத்தில் வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, என் வகுப்பில் கணக்கெழுதுபவர்கள் நிறையப் பேர். கூட்டலில் நம் ஊர்ப் பள்ளியில் இனமாற்றம் என்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் ‘கேரி’தான். வியட்நாமியர் அங்கே ‘ஞோ’ என்கிறார்கள், நினைவில் வை என்று பொருள். இதற்கு ‘மாங்’கும் உதவாது, ஷூ படமும் உதவாது. பலகையில் 27-ஐயும் 15-ஐயும் கூட்டிக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.