வாஷிங்டன் மாநிலத் தபால் ஓட்டு: கையெழுத்து ஒத்துப்போகலன்னு கடிதம் வந்திருக்கு, என்ன செய்யணும்?

புதுஓட்டர்
வணக்கம். சியாட்டில் பக்கம் இருக்கோம், போன வருஷம்தான் சிட்டிசன்ஷிப் கிடைச்சது. 2025 நவம்பர் 4 தேர்தலுக்கு வீட்டுக்கே பேலட் (வாக்குச்சீட்டு) வந்தது. குறிச்சு, கவர்ல கையெழுத்துப் போட்டு, நூலகத்து வாசல்ல இருக்கிற டிராப் பாக்ஸ்ல போட்டேன். இப்போ கவுண்டியில (நம்ம ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) இருந்து ஒரு கடிதம்: கவர்ல இருக்கிற கையெழுத்து பதிவுல இருக்கிறதோட ஒத்துப்போகல, கூட வச்சிருக்கிற படிவத்தை நிரப்பி அனுப்புங்கன்னு. ஆன்லைன்ல பார்த்தாலும் என் பேலட் ஏத்துக்கப்படலன்னுதான் காட்டுது. வீட்டுக்காரம்மாவோடது ஏத்துக்கிட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்கு. லைசென்ஸ் எடுத்தப்போ தமிழ்ல கையெழுத்துப் போட்டேன், ஊர்ல பேங்க்லயும் அதுதான். சிட்டிசன் ஆனதுல இருந்து எல்லாத் தாள்லயும் இங்கிலீஷ்ல போடறேன். கவர்லயும் அப்படித்தான். ஓட்டு போயிடுச்சா? மோசடின்னு கேஸ் ஏதும் வருமா? வக்கீலைப் பார்க்கணுமா?

மழைக்காடு
பயப்படாதீங்க. வக்கீல் எல்லாம் வேண்டாம், படிவம் போதும். இது வழக்கமா நடக்கிறது.

சம்மாமிஷ்அக்கா
தம்பி, உங்க சந்தேகம் சரின்னுதான் தோணுது. ஆன்லைன்ல வாக்காளரா பதிஞ்சீங்கன்னா, லைசென்ஸ்ல இருக்கிற கையெழுத்துதான் தேர்தல் அலுவலகத்துக்குப் போகும். இந்த மாநிலத்துல எல்லாருக்கும் தபால் பேலட்தான், அதனால ஓட்டுப் போடும்போது நம்ம முகத்தை யாரும் பார்க்கறதில்ல. கையெழுத்துதான் நமக்கு அடையாள அட்டை.

உங்க கவர் இன்னும் பிரிக்காமத்தான் இருக்கும். முதல்ல கையெழுத்துச் சோதனை, அது தேறின பிறகுதான் கவரைப் பிரிப்பாங்க. பிரிச்சதும் பேலட்டைக் கவர்ல இருந்து தனியா எடுத்துடுவாங்க, அப்புறம் எந்தச் சீட்டு யாருடையதுன்னு சொல்லவே முடியாது. அதனாலதான் எந்தச் சிக்கலா இருந்தாலும் பிரிக்கிறதுக்கு முன்னாடியே தீர்த்துடறாங்க. நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் பார்க்கல.

நாள் கணக்கு முக்கியம். பொதுத்தேர்தல் முடிஞ்சு 21வது நாள் கவுண்டி முடிவைச் சான்றளிக்கும், அதாவது நவம்பர் 25. அதுக்கு முந்தின நாள், 24ஆம் தேதிக்குள்ள உங்க படிவம் அவங்க கையில இருக்கணும். தபால்பெட்டியில போட்ட தேதி இதுக்குச் செல்லாது, போய்ச் சேரணும். எந்தெந்த வழியில அனுப்பலாம்னு கடிதத்துலயே போட்டிருக்கும். நானா இருந்தா தபாலை நம்ப மாட்டேன்.

புதுஓட்டர்
நன்றி அக்கா. படிவத்துல எந்தக் கையெழுத்துப் போடணும்? தமிழா, இங்கிலீஷா?

பழையகணக்கு
தமிழ்லயே போடுங்க. பதிவுல இருக்கிறது அதுதானே.

சம்மாமிஷ்அக்கா
இதுல எனக்கு உடன்பாடு இல்ல. படிவத்துல போடற கையெழுத்துதான் இந்தத் தேர்தலுக்கும் இனி வர்றதுக்கும் பதிவுல ஏறும். கவர்ல இருக்கிறது இங்கிலீஷ். படிவத்துல தமிழ்ல போட்டா கவருக்கும் படிவத்துக்கும் ஒட்டாது. கவர்ல போட்டதையே போடறதுதான் புத்திசாலித்தனம். தமிழ்ல போடறது தப்பே இல்ல, எந்த எழுத்துன்னு அவங்க கவலைப்படறதில்ல. ஆனா ஒண்ணையே பிடிச்சுக்கணும். படிவம் அனுப்பறதுக்கு முன்னாடி கடிதத்துல இருக்கிற எண்ணுக்கு ஒரு போன் போட்டு, இந்தத் தமிழ்-இங்கிலீஷ் கதையை அப்படியே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, நம்மாளுங்களுக்கு இனிஷியல் குழப்பம் நிறைய. பெயருக்குப் பதில் இனிஷியலோ கூப்பிடற பெயரோ போட்டிருந்தா சட்டம் அதை ஏத்துக்கும், குடும்பப் பெயரும் கையெழுத்துச் சாயலும் ஒண்ணா இருந்தா போதும். இங்கே அப்பா பெயரைக் குடும்பப் பெயரா வச்சிருக்கிறவங்க அதை விட்டுட்டுப் போட்டா அப்பத்தான் மாட்டிக்கிறாங்க.

மழைக்காடு
ஒரு ஓட்டுக்கு இவ்வளவு அலைச்சலான்னு யாராவது கேட்டா 2004 ஆளுநர் தேர்தலைச் சொல்லுங்க. கிரிகோயர், ரோசி ரெண்டு பேருக்கும் நடுவுல மூணு தடவை எண்ணினாங்க. சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டியில 500க்கும் மேல தபால் ஓட்டைத் தவறா ஒதுக்கி வச்சிருந்தது அப்பத்தான் வெளியே வந்தது. அந்த வாக்காளர்களோட கையெழுத்து கம்ப்யூட்டர்ல ஏறாம விட்டுப்போனதுதான் காரணம். அந்தக் கவுண்டி கவுன்சில் உறுப்பினர் லாரி பிலிப்ஸ் தன் பெயரே அந்தப் பட்டியல்ல இருக்கிறதைப் பார்த்துத்தான் விஷயம் பெரிசாச்சு. கடைசியில கிரிகோயர் ஜெயிச்சது 129 ஓட்டுல.

2025 சியாட்டில் மேயர் தேர்தலும் பாருங்க. முதல் நாள் ராத்திரி ஹாரெல் முன்னாடி இருந்தார், அப்புறம் எண்ணின ஓட்டுல வில்சன் தாண்டிட்டார்.

கிரீன்கார்டு2017
குறுக்கே ஒரு கேள்வி. நான் இன்னும் கிரீன் கார்டுதான். பள்ளிக்கூட வரி எல்லாம் நானும்தான் கட்டறேன். பள்ளி வாரியத்துக்காவது ஓட்டுப் போடலாமா?

சம்மாமிஷ்அக்கா
கூடாது. இந்த மாநிலத்துல எந்தத் தேர்தலுக்கும் சிட்டிசனா இருக்கணும். லைசென்ஸ் அலுவலகத்துல வாக்காளரா பதியறீங்களான்னு கேட்டாலும் தலையாட்டிடாதீங்க. தெரியாம நடந்துச்சுன்னு அப்புறம் விளக்கிக்கிட்டு நிக்கணும், நாடு கடத்தற அளவுக்குக் கூடப் போகும்.

புதுஓட்டர்
போன் பண்ணினேன், பொறுமையாப் பேசினாங்க. கவர்ல போட்ட மாதிரியே போட்டு அனுப்பச் சொன்னாங்க, அனுப்பிட்டேன். நாம ஒண்ணும் செய்யாம இருந்தாக்கூட, சான்றளிக்கிறதுக்கு முன்னாடி போன்ல கூப்பிட்டுப் பார்ப்பாங்களாம், சட்டத்துலயே இருக்காம். பதிவுல போன் நம்பர் கொடுத்திருந்தாத்தானே கூப்பிடுவாங்க! நான் கொடுக்கல, இப்போ சேர்த்துட்டேன்.

மழைக்காடு
நல்லது. அடுத்த தடவையும் டிராப் பாக்ஸ்லயே போடுங்க, தேர்தல் நாள் ராத்திரி 8 மணி வரைக்கும் திறந்திருக்கும். தபால்ல அனுப்பினா ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம், ஆனா தேர்தல் நாளுக்குள்ள முத்திரை விழணும். கடைசி நாள் சாயங்காலம் தெருமுனைப் பெட்டியில போட்டா மறுநாள் முத்திரை விழ வாய்ப்பு இருக்கு. வேற வழியே இல்லன்னா தபால் நிலையத்துக்குள்ள போய், கண்ணெதிரே முத்திரை குத்தச் சொல்லுங்க, காசு கேட்க மாட்டாங்க.

ஊருக்குப்போறேன்
தேர்தல் நேரத்துல சென்னையில இருந்தா?

சம்மாமிஷ்அக்கா
முன்கூட்டியே கவுண்டிக்குச் சொல்லிடுங்க. வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு 45 நாள் முன்னாடியே அனுப்பிடுவாங்க, மத்தவங்களுக்கு 18 நாள்தான். அங்கிருந்து வர்ற பேலட்டுக்கு முத்திரையைப் பார்க்கறதில்ல, நீங்க கையெழுத்துப் போட்டு எழுதற தேதிதான் கணக்கு. தேதி எழுத மறந்துடாதீங்க.

புதுஓட்டர்
இப்போ ஏத்துக்கிட்டதா காட்டுது! எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம் இருக்கு: மாமனாருக்கு அடுத்த மாசம் சிட்டிசன் சத்தியப்பிரமாணம். கை நடுக்கம், ஒவ்வொரு தடவையும் கையெழுத்து ஒவ்வொரு மாதிரி வருது.

சம்மாமிஷ்அக்கா
கையெழுத்தே முடியலன்னா ஒரு குறி போட்டா போதும், ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். கவர்லயே அதுக்கு இடம் இருக்கு. நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் போடலாம்.